ஈ.சி.ஆர். ஞாயிறு காலை சைக்கிள் சவாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய், டிபன் சாப்பிட்டு, வெயில் உறைக்கும் முன் வீடு திரும்பும் கூட்டுச் சவாரி இது. போக வர சுமார் 50 கிலோமீட்டர். பந்தயம் கிடையாது, மெடல் கிடையாது, கட்டணமும் கிடையாது. முதல்முறை வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

விடியும் முன்பே கிளம்பித்தான் ஆகணுமா?

ஆமாம். சென்னையில் மே கடைசியில் 5:40 வாக்கிலேயே சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் 6:35 ஆகும். எந்த மாதமானாலும் 5:30க்குச் சக்கரம் உருள வேண்டும். 5:15க்கே வந்தால் காற்று, பிரேக் பார்க்க நேரம் இருக்கும். 7:30க்கு மேல் மாமல்லபுரம் போகும் கார்கள் குவியத் தொடங்கும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடை திறக்கிறவர்கள், எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதற்குள் நாம் கோவளத்தில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சாதாரண சைக்கிள்தான் இருக்கு. கியர் இல்லை. வரலாமா?

தாராளமாக. இந்தச் சாலை கிட்டத்தட்ட முழுக்கத் தட்டை. முட்டுக்காடு பாலத்து ஏற்றம்தான் அதிகபட்ச மேடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்கூட இந்தத் தூரத்தைத் தாங்கும். பல பத்தாண்டுகளாகச் சைக்கிள் செய்த ஊர் நம் அம்பத்தூர். அங்கே உருவான பழைய ஹெர்குலிஸ் உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தால் தூசி தட்டி எடுத்து வாருங்கள். ஆனால் அப்படி நாள்பட்டுக் கிடந்த வண்டியை நேராகச் சவாரிக்குக் கொண்டுவர வேண்டாம். டயர் பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் ரப்பர் கல்லாக இறுகிவிட்டதா, பெடல் தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். மூன்று நாள் முன்பாவது 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். போல்ட் எல்லாம் அதில்தான் உண்மையைச் சொல்லும்.

மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கை அசையாமல் பூட்டும் லாக் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும்.

என்ன வேகம்? என்னால் ஈடுகொடுக்க முடியுமா?

தட்டைச் சாலையில் மணிக்கு 18 முதல் 20 கிலோமீட்டர். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம் இதுதான். வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் கூட்டம் வேகமாகப் போகிறது என்று அர்த்தம். சத்தமாகச் சொல்லுங்கள், குறைத்துக்கொள்வார்கள்.

கூட்டம் சிதறினால் எல்லோரும் மெதுவாக ஓட்டுகிறவரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் முன்னால் போகிறவர். ஒரு சிக்னலில் 12 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். பச்சை விழுந்ததும் முதல் ஆள் கிளம்பி ஐந்து விநாடியில் 20ஐத் தொட்டுவிடுகிறார். பன்னிரண்டாவது ஆள் பெடலில் கால் வைப்பதற்குள் பதினைந்து விநாடி ஓடிவிட்டது. அதற்குள் முதல் ஆள் 60, 70 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். அந்த இடைவெளியை மூட கடைசி ஆள் 27, 28இல் துரத்த வேண்டும். அவர் வந்து சேரும்போது அடுத்த சிக்னல். இப்படி நாலு தடவை நடந்தால் பின்னால் வருகிறவரின் கால், வழியில் வரும் அக்கரை ஊரிலேயே காலியாகிவிடும். முன்னால் இருப்பவருக்கோ வியர்வைகூட வந்திருக்காது.

அதனால் சிக்னல், பாரிகேடு, யு-டர்ன், வேகத்தடை எதைத் தாண்டினாலும் முன் ஆள் 12, 13க்கு மேல் போகக் கூடாது. கடைசி ஆள் "வந்தாச்சு" என்று குரல் கொடுத்து, அது வாய்வழியாக முன்னால் வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் ஏற்ற வேண்டும். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

அப்படியும் பின்தங்கிவிட்டால்?

"வால்" என்று நாங்கள் சொல்லும் கடைசி ஆள் உங்களோடுதான் வருவார். பம்ப்பும் டூலும் அவரிடம் இருக்கும். அவரை யாரும் பின்னால் விட முடியாது, அவரும் யாரையும் விடமாட்டார்.

கூட்டமாக ஓட்டிப் பழக்கமில்லை. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு குழுவில் 10, 12 பேருக்கு மேல் வேண்டாம். அதிகம் பேர் வந்தால் இரண்டாகப் பிரிந்து, இடையில் ஐந்து நிமிடம் விட்டுக் கிளம்ப வேண்டும். 30 சைக்கிள் ஒரே சரமாகப் போனால் பின்னால் வரும் பஸ் தாண்டவும் முடியாமல், நடுவில் நுழையவும் முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்.

முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும். நேர் பின்னால் இல்லாமல் அரை அடி பக்கவாட்டில் தள்ளி ஓட்டினால் முன்னால் இருக்கும் குழி கண்ணில் படும். ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நுழைந்துவிடவே கூடாது. கூட்டுச் சவாரியில் விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். முன்னால் இருப்பவர் குழிக்கு ஒதுங்குகிறார், அவருடைய பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தை உரசுகிறது. சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே முன்சக்கரம் இம்மி இம்மியாகத் திரும்பிச் சமாளிப்பதால்தான். உரசிய நொடியில் அது திரும்ப வழியில்லாமல் போகிறது. அவருக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் கீழே.

குரல்கள் குறைவு, எல்லாம் பழகின சொற்கள்தான்: "குழி", "மணல்", "மெதுவா", "நிக்கிறோம்", "பின்னால வண்டி". கேட்டவர் தனக்குப் பின்னால் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கையால் காட்ட முடிந்தால் காட்டுங்கள். கை எடுத்தால் தடுமாறும் என்றால் குரலே போதும்.

பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். மிதிப்பதை நிறுத்தினாலே வேகம் பாதி குறையும். காதில் இயர்போன் வேண்டாம், ஒரு காதிலும் வேண்டாம். பின் விளக்கு சிவப்பில், மினுக்காமல் நிலையாக எரியட்டும். தனியாகப் போகும்போது மினுக்குவது நல்லதுதான். கூட்டத்தில் பின்னால் வருகிறவருக்கு அது கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும்.

இந்தச் சாலையில் குறிப்பாக எதற்குப் பயப்பட வேண்டும்?

நின்றிருக்கும் காருக்கு. ஓரத்தில் நிற்கும் காரின் கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளியே போங்கள். அடுத்தது பஸ். நம்மைத் தாண்டி வந்து ஸ்டாப்பில் இடதுபக்கம் வெட்டும். அதன் இடதுபக்கச் சந்தில் நுழையவே நுழையாதீர்கள், பின்னால் நின்று அது கிளம்பும்வரை காத்திருங்கள்.

மணல் சாலையோரத்தில் படிந்து கிடக்கும். மெல்லிய டயர் வைத்திருப்பவர்கள் மணலில் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது. ஹேண்டில்பாரை நேராக வைத்து உருண்டு கடந்துவிட வேண்டும். முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடும், முழங்கையைத் தளர்த்துங்கள். அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்களும் அந்தப் பாலத்து ஆபத்துகளில் ஒன்றுதான். நீங்கள் அந்தக் கணக்கில் சேர வேண்டாம்.

நாய் துரத்தினால் வேகமெடுக்கத் தோன்றும். ஓடுகிற சக்கரத்தைத்தான் அது துரத்துகிறது. வேகத்தைக் குறைத்து, இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து நடங்கள். பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

டயரில் எவ்வளவு காற்று?

டயரின் பக்கச்சுவரில் குறைந்த அளவும் அதிக அளவும் அச்சிட்டிருக்கும். அதற்குள்தான் இருக்க வேண்டும். சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு, 25 மில்லிமீட்டர் ரோடு டயர் என்றால் 80 முதல் 90 பி.எஸ்.ஐ., 35 முதல் 40 மில்லிமீட்டர் ஹைப்ரிட் டயர் என்றால் 45 முதல் 60, 2 அங்குல மவுண்டன் டயர் என்றால் 30 முதல் 40. எடை பின்னால்தான் அதிகம் விழுகிறது, எனவே பின் டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூட வையுங்கள். மெல்லிய டயரில் வாரத்துக்குள் காற்று தானாகவே கணிசமாக இறங்கும். போன ஞாயிறு அடித்த காற்றை நம்பி வராதீர்கள்.

பெட்ரோல் பங்க் குழாயில் அடிப்பதானால் வால்வைப் பாருங்கள். ரோடு சைக்கிள்களில் வரும் மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு அந்தக் குழாய் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால்?

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பஞ்சர் கடை திறந்திருக்காது. அந்த இடத்தில் ஓட்டையைத் தேடி ஒட்டுவதும் வெட்டி வேலை. டியூபை மாற்றிவிட்டு, ஓட்டை டியூபை வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். கை பழகினால் பத்து நிமிட வேலை.

பின்சக்கரம் என்றால் முதலில் செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றுவதும் மாட்டுவதும் சுலபமாகும். மிச்சக் காற்றை முழுசாக வெளியேற்றுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் டயர் லீவரை நுழைத்து ஒரு ஓரத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுங்கள். டியூபை உருவும்போது அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பார்த்தால், டயரில் குத்தியது எந்த இடத்தில் இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

பலர் தவறவிடுவது இதைத்தான். குத்தியதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதுவும் போகும். நெடுஞ்சாலையில் குத்துவது பெரும்பாலும் ஆணி இல்லை, வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த தலைமுடி மாதிரிக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தில் ஒரு துணியைச் சுற்றிலும் மெதுவாக ஓட்டுங்கள், கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். மாட்டிய கம்பியை நகவெட்டியாலோ சின்ன இடுக்கியாலோ பிடுங்குங்கள்.

டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது பாம்புக்கடி. எதுவும் குத்தவில்லை, காற்றுக் குறைவான டயர் குழி விளிம்பில் மோதியபோது ரிம் டியூபை நசுக்கிவிட்டது. தேட வேண்டாம், அடுத்த தடவை காற்றைச் சரியாக வையுங்கள்.

புது டியூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயர் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்து வால்வில் முடியுங்கள். கடைசி அரை அடி இறுக்கமாக இருக்கும். ஏற்கெனவே ஏறிய ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டால் தளர்வு கிடைக்கும். அங்கே லீவரைப் போட்டு நெம்பினால் புது டியூபையே நீங்கள் கிழித்துவிடுவீர்கள். வால்வை உள்பக்கம் ஒருமுறை அமுக்கிவிட்டு இழுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் பிதுங்கியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு முழுக் காற்றடியுங்கள். கைக்கடக்கமான பம்ப் என்றால் இருநூறு தடவைக்கு மேல்கூட அடிக்க வேண்டிவரும். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கு ஐம்பது அடிக்கட்டும், வேடிக்கை பார்க்கவா வந்தார்கள்?

பையில் என்ன இருக்க வேண்டும்?

உங்கள் டயர் அளவுக்கே ஆன ஒரு டியூப். அடுத்தவர் டியூப் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், அதனால் இது மட்டும் சொந்தமாக இருக்கட்டும். டயர் லீவர் இரண்டு, ஆலன் கீ செட், துணித் துண்டு, தண்ணீர், 200 ரூபாய் சில்லறையாக, சார்ஜ் ஏற்றிய போன். நட் போட்ட சக்கரம் என்றால் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர். பம்ப்பும் பேட்ச்சும் குழுவுக்கு ஒன்று போதும்.

ஹெல்மெட் கட்டாயமா?

ஆமாம், இதில் பேச்சு இல்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், வியர்வையில் வெந்துபோவீர்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூட வேண்டும், தாடைக்கும் வாருக்கும் இடையில் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். ஒருமுறை தலையோடு தரையில் மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கும், இன்னொரு தடவை அது நசுங்காது.

வெறும் வயிற்றில் வரலாமா?

வேண்டாம். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், முடிந்தால் இரண்டு இட்லி. வழியில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர். மணிக்கு அரை லிட்டர், கோடையில் முக்கால் லிட்டர் என்று கணக்கு வையுங்கள். சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூக்கிறவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள். உப்புப் போட்ட மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் அதில் எழுதியபடி முழு ஒரு லிட்டரில் கரையுங்கள். ருசிக்காகப் பாட்டிலில் பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிறு புரட்டும்.

முழங்கால் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, உட்காரும் இடமும் எரிகிறது.

முதல் இரண்டுக்கும் சைக்கிள் அமைப்பைச் சந்தேகப்படுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து ஆகக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். முட்டியின் முன்பக்கம் வலிப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட் அதிக உயரம். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கியர் இருந்தும் கனமான கியரிலேயே அழுத்துகிறவர்களுக்கும் முட்டி வலிக்கும். நிமிடத்துக்கு 75, 80 சுற்று வரும்படி லேசான கியருக்கு மாறுங்கள்.

கை மரத்தால் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா பாருங்கள், உடம்பு முன்னால் வழுக்கிக் கையில் எடை விழும். பின்பக்க எரிச்சலுக்கு, மெத்தை சீட் கவர் பணத்துக்குக் கேடு. பேட் வைத்த ஷார்ட்ஸ் உதவும், அதற்குள் ஜட்டி போடக் கூடாது. தையல்தான் உரசிப் புண்ணாக்குகிறது. சுடிதாரில் வருபவர்கள் துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

14 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரில் ஒருவர் கூடவே ஓட்டி வர வேண்டும், முட்டுக்காட்டோடு திரும்பிவிடுங்கள். வயதானவர்களுக்கு வரம்பு இல்லை.

காற்று எந்தப் பக்கம் அடிக்கும்?

"போகும்போது பறந்தேன், வரும்போது செத்தேன்" என்று சொல்லாதவர் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று. தெற்கே போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். போகும்போது கிடைக்கும் வேகத்தை உங்கள் திறமை என்று நினைத்து அடித்துவிட்டால், திரும்பும்போது கால் இருக்காது. மார்ச் முதல் மே வரை தெற்கிலிருந்து வீசும், கணக்கு தலைகீழ். எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவராகப் போய், முன் ஆளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

மழை வந்தால்?

தூறலுக்கு நிறுத்துவதில்லை. கொட்டினால், இடி இருந்தால், சவாரி ரத்து. ஈரச் சாலையில் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். ரிம் பிரேக் பிடிப்பதற்கு முன் ஒரு சுற்றாவது வீணாகும், முன்கூட்டியே லேசாக அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுங்கள். மழைக்கு மறுநாள் பஞ்சர் அதிகம். ஓரத்துக் கண்ணாடித் தூள் நடுச்சாலைக்கு அடித்து வரப்பட்டிருக்கும், ஈர ரப்பரில் அது சுலபமாக இறங்கும்.

சைக்கிளோடு கீழே விழுந்துவிட்டால்?

முதலில் ஆள், பிறகு வண்டி. தலை மோதியிருந்தால், கிறுகிறுப்போ வாந்தியோ இருந்தால் அவர் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. 108க்குக் கூப்பிடுங்கள். சிராய்ப்பு மட்டும்தான் என்றால் தண்ணீரில் மணலைக் கழுவிவிட்டு வண்டியைப் பாருங்கள்.

வலதுபக்கமாக விழுந்த கியர் சைக்கிளைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். செயினைத் தாங்கி, பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லர் (derailleur) நேர் செங்குத்தாகத் தொங்குகிறதா, உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் அதை மாட்டியிருக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. அந்த நிலையில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டிரெய்லர் ஸ்போக்குக்குள் போய்ச் சிக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். நடுப் பல்லில் வைத்து மெதுவாக வீடு வந்து சேருங்கள். ஓட்டவே முடியாது என்றால் ஒரு குட்டி யானை பிடித்து ஏற்றிவிடலாம். டிரெய்லர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

கோவளத்தில் என்ன நடக்கும்?

சாப்பாடும் பேச்சும். முக்கால் மணி நேரம். சைக்கிள்களைக் கண்ணுக்கு எதிரில் நிறுத்தி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பூட்டுங்கள். இட்லி, வடை, காபி நல்லது. பொங்கலுக்கு எதிராக எங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை, ஆனால் நெய் மிதக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு 24 கிலோமீட்டர் மிதிப்பவர் பனையூரில் கொட்டாவி விடுவார். அவரவர் காசை அவரவர் கொடுத்துவிடுவது நல்லது. சீட் உயரம் சரிசெய்வது, கியர் கேபிளை இழுத்துவிடுவது, அடுத்தவர் சைக்கிளை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் இங்கேதான். சைக்கிள் வாங்க யோசிப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இங்கே நாலு வண்டியை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை என்ன செய்ய?

கடல் உப்பு படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, செயினைக் காய்ந்த துணியில் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பிறகு ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு செயின் ஆயில், பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தில் மிஞ்சியதை மீண்டும் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளக்கும் எண்ணெய் மணலைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துவிடும். டபிள்யூடி-40 துரு நீக்கவும் கழுவவும் சரி, அதை மட்டும் அடித்து ஓட்டினால் இரண்டு நாளில் செயின் கீச்சிடும்.

மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து எண்ணினால் 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டும்வரை விட்டால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும், செலவு பல மடங்கு.

கோவளம் பழகிவிட்டது. அடுத்து?

மாமல்லபுரம். போக மட்டும் சுமார் 45 கிலோமீட்டர். திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை வழியாக. கோவளத்தைத் தொடர்ந்து நாலு ஞாயிறு முடித்தவர்கள் வரலாம். அரை மணி முன்னதாக, 5 மணிக்கே கிளம்ப வேண்டும், டியூப் ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பி.ஆர்.எம். என்ற நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சவாரிகள் வேறு ரகம். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் டிபன் நேரத்தில் கேளுங்கள், ஓட்டியவர்கள் யாராவது மேசையில் இருப்பார்கள்.